யார் வீட்டு இருமல்

2025 ஜனவரி 16, வியாழன்

மகள் சாருஜா நத்தார் பண்டிகைக்கு வாங்கித் தந்த நாட்குறிப்பு. அட்டையில் பூனைப் படம். ஐம்பத்துமூன்று வயதுத் தாய்க்குப் பூனை. போகட்டும், உள்ளே தாள் நல்ல தாள்.

இன்று மூன்று மணிக்கு அமெரிக்க ஜெயில். பதினொரு வருடமாக இந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்தி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மற்றவர்களின் வாயாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி, பொலிஸ், கவுன்சில் எல்லாம் பார்த்தாயிற்று. கொம்பனிக்கு இப்போது அமெரிக்காவிலும் ஒப்பந்தம். அங்கே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப்பிடித்து நேரில் கூட்டிவரும் செலவுக்கு என்னைப் போல் பத்துப் பேரைப் போனில் வைத்திருக்கலாமாம். எனக்கும் இந்த லண்டன் சட்டனிலிருந்து ரயில் ஏறத் தேவையில்லை.

வேலை விதி சுலபம். பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. கேட்ட எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. என்னைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தால், யாரோ மூன்றாம் ஆளைப் போல "மொழிபெயர்ப்பாளர்" என்று சொல்ல வேண்டும். பெயர் கிடையாது, இலக்கம்தான். குறிப்பெழுதிய தாளை உடனே கிழித்துவிட வேண்டும். இப்படி நாட்குறிப்பில் எழுதுவதும் பிழை என்று எனக்குத் தெரியாதா? அதனால் இன்று என் வாயால் பேசிய கைதிக்கு நானே ஒரு பெயர் வைக்கிறேன். புவனேசன்.

புவனேசனுக்கு முப்பத்தெட்டு வயது. பெற்றோல் நிரப்பும் கடையொன்றில் வேலை செய்தவர். கடைக் காசைத் திருடினார் என்று முதலாளி முறைப்பாடு. முதலாளியும் எங்கள் ஆள்தான். ஐயாயிரம் டொலர் பிணை கட்ட ஒருவரும் இல்லாததால் ஏழு மாதமாக உள்ளே இருக்கிறார். விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

அரசு அவருக்கு வைத்துக் கொடுத்த சட்டத்தரணி பியற்றிஸ் இன்று இரண்டு நிமிடம் பிந்தி வந்தார். அதுவரை லைனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அக்கா, நீங்கள் எந்த ஊர்?"

பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு தமிழ் ஆள் எந்த ஊர் என்று கேட்க, வாயைப் பொத்திக்கொண்டு இருக்க எங்களில் யாரால் முடியும்? "நீர்வேலி" என்றேன்.

"ஐயோ, என்ரை அம்மாவும் நீர்வேலிதான்!"

குரலே மாறிவிட்டது. பிறகு பியற்றிஸ் வந்தார், வேலை தொடங்கியது.

ஜனவரி 17, வெள்ளி

பதினொரு வருடத்தில் முதல் தடவை விதியை மீறினேன். ஒரு சொல்தானே. யார் கேட்டது?

ஜனவரி 23, வியாழன்

பியற்றிஸுக்கு நூற்று நாற்பது வழக்காம். பேசும்போதே வேறு யாருடைய வழக்குத் தாள்களையோ புரட்டும் சத்தம் கேட்கிறது. அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: விசாரணைக்குப் போனால் இன்னும் ஐந்தாறு மாதம் செல்லும், அதுவரை உள்ளேதான் இருக்க வேண்டும், விசாரணைச் செலவை ஜெயிலை நடத்தும் கவுண்டி நிர்வாகம் விரும்பாது, ஆகவே அரச தரப்பு பேரம் பேச வரும்.

புவனேசன் கேட்டார்: "நான் களவெடுக்கேல்லை எண்டு சொல்ல ஆறு மாசம். களவெடுத்தனான் எண்டு சொல்ல எவ்வளவு நேரம்?"

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பியற்றிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்து நிமிடம்" என்றார். நேர்மையான பெண்.

முடிக்கும்போது புவனேசன் சொன்னார்: "அக்கா, உங்கடை வீட்டிலை ஆருக்கோ நல்ல இருமல். கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ."

விதிப்படி இதையும் மொழிபெயர்த்தேன். பியற்றிஸ் சிரித்து, "விரைவில் குணமாகட்டும்" என்றார். லைன் வெட்டுப்பட்டது.

எனக்கு இருமல் இல்லை. என் மனுசன் குரொய்டனில் ஒரு குளியலறைக்கு ரைல்ஸ் பதிக்கப் போயிருந்தார். சாருஜா யுனிவர்சிற்றியில். வீட்டில் நான் மட்டும்தான். அந்த இருமல் எனக்கும் கேட்டது. வறண்ட இருமல், இரண்டிரண்டாக வரும். அவர் இருக்கும் அறைக்கு வெளியே காவலுக்கு நிற்கும் ஆள் இருமுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நாலரைக்குள் இருண்டுவிட்டது. ஒவ்வொரு அறைக்கும் போய் லைற்றைப் போட்டேன். அலுமாரியைக்கூடத் திறந்து பார்த்தேன். சிரிப்பாக இருந்தது, ஆனாலும் ஒரு லைற்றையும் அணைக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

இவரிடம் சொன்னேன். "பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு, அந்தக் கிழவன் இருமியிருப்பான்" என்றார். அந்தக் கிழவர் நவம்பரில் செத்துப்போய்விட்டார். வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. இந்த மனுசனுக்கு ஒன்றும் மண்டையில் நிற்பதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் அமெரிக்கா வந்து குந்திக்கொண்டது. யாரைப் பற்றி என்று நான் சொல்லவில்லை. அங்கே இப்படி நடக்குதாம் என்று பொதுவாகத்தான் சொன்னேன்.

இவர்: "ஒரு சின்னக் களவுக் கேசுக்கு ஜூரியும் கோட்டும் எண்டு லட்சக்கணக்கிலை செலவழிக்க ஏலுமே? அது ஆற்றை காசு? வரி கட்டுற சனத்தின்ரை காசு."

சாருஜா: "அப்பா, பிடிக்கக் காசு இருக்கு, ஏழு மாசம் வைச்சிருக்கக் காசு இருக்கு. விசாரிக்கிறதுக்கு மட்டும் இல்லையோ? தட்ஸ் நொட் ஃபெயார்."

"பிள்ளை, உலகம் அப்பிடித்தான். ஜேர்மனியிலை ரயிலுக்கை என்னட்டை ரிக்கெற் இருக்க, பழைய ரிக்கெற் எண்டு பைன் போட்டவன். கோட்டுக்குப் போனால் மூண்டு நாள் வேலை போகும். கட்டிப்போட்டு வந்திட்டன். என்ன குறைஞ்சு போனன்?"

"அந்த ரிக்கெற்றை ஏன் இன்னும் பேர்சுக்குள்ளை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

இருபத்தாறு வருடம் ஆகிறது. எழுத்தெல்லாம் அழிந்து வெறும் கடதாசி. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் கேட்டிருக்கக்கூடாது.

ஜனவரி 30, வியாழன்

அழைப்பு இல்லை. ஜெயிலில் ஆள் பற்றாக்குறையாம். ஆனாலும் மூன்று மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். வீட்டில் இருமல் இல்லை.

பெப்ரவரி 6, வியாழன்

இன்று புவனேசன் இதுவரை சொல்லாததைச் சொன்னார்.

காசு களவுபோன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் கடையிலேயே இல்லை. மோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வீடு மாற்ற உதவி செய்துகொண்டிருந்தார். மெத்தையை இரண்டு பேருமாகப் படியில் தூக்கினார்களாம். விதுஷா என்று எழுதுகிறேன். அவளிடம் விசா இல்லை. சாட்சி சொல்ல வந்தால் அவளைப் பிடித்துவிடுவார்கள் என்று இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"இப்ப ஏன் சொல்லுறன் எண்டால், அக்காவும் எங்கடை ஊர்ப்பக்கம். ஒரு நம்பிக்கை."

அந்த வசனத்தை மட்டும் நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. சொன்னால் ஊர் பேர் சொன்னது பியற்றிஸுக்குத் தெரிந்துவிடும். மீதி எல்லாவற்றையும் சொன்னேன், மோட்டலின் பெயர் உட்பட. விதுஷாவைக் காட்டிக்கொடுக்காமல் எழுத்தில் வாக்குமூலம் வாங்க வழி பார்க்கிறேன் என்று பியற்றிஸ் சொன்னார். முதல் தடவையாக அவர் குரலில் ஒரு உற்சாகம்.

இருமல் இன்று மூன்று தடவை.

பெப்ரவரி 11, செவ்வாய்

மருந்துக் கடையில் என் பிறந்த திகதி கேட்டார்கள். புவனேசனுடைய திகதியைச் சொன்னேன். ஒவ்வொரு அழைப்பும் அந்தத் திகதியோடுதான் தொடங்கும். "நான் பிறந்தது" என்று என் வாயால் சொல்லிச் சொல்லி அது உள்ளே போய் இருந்துவிட்டது. கவுன்ரரில் நின்ற பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்படி ஒரு ஆள் இங்கே இல்லையே" என்றாள். மருந்தை எடுக்காமலே வந்துவிட்டேன்.

பெப்ரவரி 13, வியாழன்

இவரிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க இணைந்தேன். லைனில் நீங்கள்தான் முதல் ஆள் என்று வழக்கமாக வரும் பதிவுக் குரல் சொன்னது. பியற்றிஸ் இல்லை. ஜெயில் இன்னும் இணைக்கவில்லை. நான் மட்டும்.

அப்போது இருமல் கேட்டது. காதுக்குப் பக்கத்தில், இரண்டு தடவை.

"ஹலோ?" என்றேன்.

ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் அது வெறும் லைன் இல்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது தெரியுமே, அப்படி. என் வீட்டுக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் நான்தான் இருந்தேன்.

மற்ற இருவரும் வந்தார்கள். வேலை நடந்தது. நான் என்ன மொழிபெயர்த்தேன் என்று இப்போது ஞாபகமே இல்லை.

பெப்ரவரி 20, வியாழன்

விதுஷாவைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை மோட்டலுக்கு நேரே போய், பேரைச் சொல்லிக் கேட்டு, கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பியற்றிஸ் அவளைச் சந்திக்கவே இல்லை.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். பிறகு புவனேசன் மெதுவாகச் சொன்னார்:

"மூண்டு பேருக்குத்தான் தெரியும். முதலாளியின்ரை மனுசியும் நீர்வேலி. அண்டைக்கே யோசிச்சிருக்கோணும். நீதான் சொன்னனீ."

அக்கா இல்லை. நீங்கள் இல்லை. நீ.

என்ன செய்ய? கேட்டதைச் சொல்ல வேண்டும். என் வாயால், என் குரலில், ஆங்கிலத்தில் சொன்னேன்: மூன்று பேருக்குத்தான் தெரியும், முதலாளியின் மனைவியும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே ஊர், மொழிபெயர்ப்பாளர்தான் சொல்லியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். நான் நினைக்கிறேன்!

பியற்றிஸ், "அது உண்மையா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

"மொழிபெயர்ப்பாளர் ஊர் பேரைச் சொன்னது உண்மை. வேறு எவரிடமும் எதையும் சொல்லவில்லை" என்றேன். யாரோ ஒரு திருடிக்காக நான் வாதாடியதுபோல் இருந்தது.

வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கப்போவதாகப் பியற்றிஸ் சொன்னார். லைன் வெட்டுப்பட்டது. நான் அறைக் கதவைத் திறக்கவில்லை. இவர் வந்து தட்டும்வரை அழுதேன். நான் சொல்லேல்லை. கடவுளாணை நான் சொல்லேல்லை.

பெப்ரவரி 22, சனி

கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பிடிபட்டது.

புவனேசன் அது என் வீட்டு இருமல் என்று நினைத்தார். நான் ஜெயிலின் இருமல் என்று நினைத்தேன். பியற்றிஸ் குணமாகட்டும் என்றாரே, அவரும் என் வீட்டு இருமல் என்றுதான் நினைத்திருக்கிறார். இருமுகிற ஆளை ஏன் இருமுகிறாய் என்று கேட்பது மரியாதையா? ஆளுக்கு ஆள் மற்றவர் வீட்டுக்குத் தள்ளிவிட்டோம்.

மூன்று பேர் இல்லை. நாலு பேர்.

சட்டத்தரணியும் கைதியும் பேசுவதை எவரும் கேட்கக்கூடாது. இது எனக்கே தெரியும், ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார்கள். அதைத்தான் யாரோ கதிரை போட்டிருந்து கேட்டிருக்கிறார்கள்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நகுலா, உமக்கேன் இது? வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு மடியிலை விடுற கதை. கேட்டவன் பதிஞ்சும் வைச்சிருப்பான். அதைப் போட்டுக் கேட்டால் நீர் ஊர் சொன்னதும் வரும், வசனம் விட்டதும் வரும். வேலை போயிடும்."

அவர் சொன்னது சரி. எனக்கு வேறு என்ன வேலை தெரியும்?

பெப்ரவரி 27, வியாழன்

தமிழுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம். மறுபடியும் நானே. புவனேசன் என்னைச் சுவர் மாதிரி வைத்துப் பேசினார்.

அரச தரப்பு பேரத்தோடு வந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாள் போதும், அன்றே ஜெயிலிலிருந்து விடுதலை. ஆனால் கள்ளன் என்று பதிவாகும், விசா போகும், இரண்டு கிழமையில் இலங்கைக்கு அனுப்பிவிடுவார்கள். பியற்றிஸ் அவசரப்படவேண்டாம் என்றார்.

"அம்மா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலை. ரெண்டு கிட்னியும் போச்சு. கள்ளன் எண்டு எழுதட்டும். அனுப்பினால் அனுப்பட்டும். நான் அம்மாவைப் பாக்கோணும்."

இதை நான் "என் அம்மா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார் என்றேன்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமைக்கு நீதிமன்றம்.

இருமலைப் பற்றிச் சொல்ல இரண்டு தடவை வாய் எடுத்தேன். அந்த லைனில் எப்படிச் சொல்வது? கேட்கிறவனுக்கே போய்ச் சொன்னதாக முடியும். இருமல் இன்று ஒரு தடவைதான். அடக்கப் பழகிவிட்டார் போலிருக்கிறது.

மார்ச் 5, புதன்

இருமலைப் பற்றிக் கொம்பனிக்கு எழுதியிருந்தேன். இரண்டு வரிப் பதில்: ஒலித் தரம் பற்றிய முறைப்பாடுகளுக்குத் தனிப் படிவம் உண்டு, வாடிக்கையாளரின் தொலைபேசி அமைப்பைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்கள் கருத்துச் சொல்லலாகாது. வாடிக்கையாளர் யார்? கவுண்டிதான். பியற்றிஸோடு நேரே தொடர்புகொண்டால் ஒப்பந்த மீறல் என்று கீழே இன்னொரு வரியும் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

சாருஜா சொல்லச் சொல்கிறாள். இவர் வேண்டாம் என்கிறார். சொன்னால் புவனேசன் நாளைக்கு வெளியே போவது தடைப்படும். சொல்லாவிட்டால் களவெடுக்காத மனுசன் கள்ளன். எந்தப் பக்கம் போனாலும் அது அவருடைய தலையில்தான் விடியும். என்னுடைய தலையில் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

அங்கே கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டார்கள், இங்கே இன்னும் இல்லை. அதனால் இரண்டு மணிக்கே அழைப்பு. நீதிமன்றத்தில் எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு எட்டு நிமிடம். பியற்றிஸ் சொன்ன பத்துக்கூட இல்லை.

உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தேன். நீதிபதி கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார். யாரும் வற்புறுத்தினார்களா? இல்லை. விளங்கித்தான் செய்கிறீர்களா? ஓம். அடுத்தது: "உங்கள் சட்டத்தரணியோடு தனிமையில் பேச உங்களுக்கு வசதி கிடைத்ததா?"

தமிழில் கேட்டேன். புவனேசன், "ஓம்" என்றார்.

நான் "யெஸ்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சத்தியம் செய்த வாய் அந்த ஒரு சொல்லுக்குத் திறக்கவில்லை. நீதிபதி இரண்டாம் தடவையும் கேட்டார்.

"அவர் ஆம் என்கிறார்" என்றேன். அவர் என்கிறார்! விதி போய்விட்டது. "ஆனால் மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த உரையாடல்கள் தனிமையில் நடக்கவில்லை. லைனில் இன்னொருவர் இருந்தார்."

இருமலைச் சொன்னேன். யாருமில்லாத லைனில் கதிரை நகர்ந்ததைச் சொன்னேன். எனக்கே பைத்தியக்காரியின் பேச்சுப் போல் இருந்தது. பியற்றிஸ் குறுக்கிட்டு உரத்த குரலில் பேசத் தொடங்கினார்: தனக்கும் அந்த இருமல் கேட்டது, இதை விசாரிக்காமல் எதையும் ஏற்கக்கூடாது, தவணை வேண்டும். நீதிபதி நீளமாக மூச்சு விட்டார். ஏப்ரல் 11 என்றார். நாலு கிழமை.

புவனேசனுக்கு ஆங்கிலத்தில் மாதப் பெயர் விளங்கும்.

"அக்கா, என்ன செய்யிறியள்? எனக்கு இண்டைக்குப் போகோணும். அக்கா!"

நான் அதை மொழிபெயர்க்க முதல் லைனை வெட்டிவிட்டார்கள்.

மார்ச் 15, சனி

சாருஜா கட்டிப்பிடித்தாள். இவர் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒருவரும் கேட்காத கேள்வியை நானே கேட்கிறேன். அவருக்காகச் சொன்னேனா, அல்லது "நீதான் சொன்னனீ" என்றாரே, அதற்காகச் சொன்னேனா? அவர் போவதற்கு முன் என் பெயர் சுத்தமாக வேண்டும் என்று எனக்குள்ளே ஒருத்தி துடித்தாள். அது எனக்குத் தெரியும். அவரை ஒரு சொல் கேட்டேனா?

மார்ச் 19, புதன்

கொம்பனிக் கடிதம். என் இலக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தலைக்கு வலை, கைக்கு உறை, முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு. ஒருவர் பேசுவதையும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. மூன்று மணியானால் மட்டும் காது கூர்மையாகிவிடுகிறது. அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தியும் இல்லை.

மே 22, வியாழன்

பியற்றிஸ் எப்படியோ என்னைத் தேடிப்பிடித்து மின்னஞ்சல் எழுதியிருக்கிறார்.

பதிவுகள் வெளியே வந்துவிட்டன. கைதிகளும் சட்டத்தரணிகளும் பேசியது எல்லாம் இரண்டு வருடமாகப் பதியப்பட்டிருக்கிறது. கணினி அமைப்பில் நேர்ந்த தவறு, இயந்திரம் தானாகப் பதிந்தது, மனிதர் எவரும் கேட்கவில்லை என்பது கவுண்டியின் பதில். எங்கள் பதிவுகளில் மட்டும் பதினேழு இருமல் இருக்கிறதாம், பியற்றிஸ் எண்ணியிருக்கிறார். இயந்திரத்துக்கு எந்த மருந்தைக் கொடுப்பது? அந்த ஆள் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

முப்பத்தொரு பேருடைய வழக்குகளைத் திரும்ப எடுக்கப்போகிறார்கள். "உங்களால்தான்" என்று எழுதியிருந்தார். சத்தியக்கடதாசி ஒன்றும் கேட்டிருக்கிறார். கொடுப்பேன்.

புவனேசன் அந்த முப்பத்தொரு பேரில் இல்லை. ஏப்ரல் 11ஆம் திகதி, லைனில் ஆள் இருந்த கதை தெரிந்துகொண்டே, சென்னையிலிருந்து பேசிய வேறொரு மொழிபெயர்ப்பாளர் மூலம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தெரிந்து ஒப்புக்கொண்டவருக்கு இனி வழியில்லையாம். மாதக் கடைசியில் இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

உங்கள் வழக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்று புவனேசனிடம் தானே சொல்லவேண்டும் என்பது பியற்றிஸின் விருப்பம். முடிந்த வழக்குக்கு மொழிபெயர்ப்புச் செலவு கிடையாதாம். காசில்லாமல் செய்வீர்களா என்று கேட்டார். சமையலறையிலிருந்து வந்து, உடுப்பு மாற்றாமலே அந்த அறைக்குள் போய் இருந்தேன். மூன்று பேருக்கும் சாதாரண போன்.

என் குரல் கேட்டதும் புவனேசன் பாதியில் பேச்சை நிறுத்தினார். பிறகு, "சொல்லுங்கோ" என்றார்.

பியற்றிஸ் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். முப்பத்தொரு பேர், அதில் நீங்கள் இல்லை. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு சொன்னார்:

"அண்டைக்கு நீங்கள் வாயைத் திறக்காட்டி நான் மார்ச் முடிய முதல் இஞ்சை வந்திருப்பன். அம்மா செத்தது ஏப்ரல் ஒம்பது. இஞ்சை வந்திறங்கித்தான் எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் நினைவோடைதான் இருந்தவ. நான் வந்திட்டனோ எண்டு நேர்ஸ்மாரைக் கேட்டுக்கொண்டு இருந்தவவாம்."

எனக்கு அது தெரியாது. இவ்வளவு நாளும் தெரியாது.

ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் நான் என் அம்மாவை உயிரோடு பார்த்திருப்பேன். சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

அன்று தவணை கேட்டவர் பியற்றிஸ்தானே. புவனேசன் தன்னைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். அழுதார் என்று நினைக்கிறேன். பிறகு மன்னிப்புக் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்:

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்கு நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சனான். உங்களை ஒரு சொல் கேட்டிருக்கோணும். நான் கேக்கேல்லை."

அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போய் முடியும்வரை இருந்துவிட்டு அவர் கேட்டார்:

"இது ஆர் சொல்லுறது? அவவோ, நீங்களோ?"

இதையும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"நான்தான் தம்பி. என்ரை பேர் நகுலேஸ்வரி."

என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று பியற்றிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். புவனேசன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.